இறக்கத்தில் வாங்கும் நிரல்: பழைய தரவில் லாபம், கைப்பணத்தில் நஷ்டம், ஏன்?

பைத்தானில் நிரல் எழுதி, ஐம்பது பெரிய நிறுவனங்களின் பட்டியலான நிஃப்டி 50 பங்குகளில் விலை சறுக்கும்போது வாங்கி, நான்கைந்து நாளில் விற்றுவிடும்படி ஓடவிட்டிருக்கிறீர்கள். பத்து வருடத் தரவில் பேக்டெஸ்ட் செய்தபோது, அதாவது பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தபோது, ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் காட்டியது. சொந்தப் பணத்தைப் போட்ட பிறகு மூன்று மாதமாக நஷ்டம். ஒரு நாள் திடீர் ஏற்றத்தின் உச்சியில் போய் வாங்குகிறது. இன்னொரு நாள் விழுந்துகொண்டே இருக்கிற பங்கை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆர்எஸ்ஐ (சமீபத்திய ஏற்ற இறக்கத்தை 0 முதல் 100 வரை காட்டும் எண்) அளவை மாற்றலாமா, வேறு இண்டிகேட்டர் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே வேண்டாம். உங்கள் விதி, அதாவது 200 நாள் சராசரிக்கு மேலே இருக்கிற பங்கு, 2 நாள் ஆர்எஸ்ஐ 10-க்குக் கீழே வந்தால் வாங்கு, 5 நாள் சராசரிக்கு மேலே முடிந்தால் விற்றுவிடு என்பது, பல வருடமாகப் பலரும் ஓட்டிப் பார்த்த விதிதான். அதில் பெரிய ஓட்டை இல்லை. அதற்குக் கொடுக்கிற தரவு, அது போடுகிற ஆர்டர், அது ஒதுங்கியிருக்க வேண்டிய நாட்கள், ஒரு பங்கில் போடுகிற தொகை, இவற்றில்தான் ஓட்டைகள். நானும் இதே ரகத்து நிரல்களைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. இந்த உத்தியில் வரும் லாபத்தை உங்களுக்குக் கொடுப்பது யார்? 1990-இல் நிதியியல் ஆய்வாளர்கள் நரசிம்மன் ஜெகதீஷும் புரூஸ் லேமனும் தனித்தனியாக அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து ஒரே மாதிரியான முடிவுக்கு வந்தார்கள். போன வாரமோ போன மாதமோ மற்றவற்றைவிட அதிகம் இறங்கின பங்குகள் அடுத்து கொஞ்சம் எழுகின்றன. அதிகம் ஏறினவை கொஞ்சம் தணிகின்றன. இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. யாரோ ஒருவர் அவசரத்தில் விற்கிறார். முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டதால் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் விற்கலாம், கடனில் வாங்கியதற்கு ஈடாக வைக்கவேண்டிய மார்ஜின் பணம் பற்றாமல் ஒருவர் மூன்று மணிக்குள் விற்றே தீரவேண்டியிருக்கலாம். அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் நின்று வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அப்படி நிற்பதற்கான கூலிதான் அடுத்த இரண்டு மூன்று நாளில் வரும் அந்த ஒரு சதவீத எழுச்சி.

இதைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். கோயம்பேட்டில் சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் தக்காளியைப் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கொடுப்பவரும் உண்டு, அடியில் அழுகியிருப்பது தெரிந்து கொடுப்பவரும் உண்டு. கூடையை மேலாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சார்ட்டிலும் அப்படித்தான். பணம் வேண்டி விற்பவரின் இறக்கமும், விஷயம் தெரிந்து விற்பவரின் இறக்கமும் சார்ட்டில் ஒரே சிவப்புப் பட்டைதான், ஒரே கேண்டில்தான். ஆர்எஸ்ஐ இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும்.

ஒரு உதாரணம். 2024 ஜனவரி 16 மாலை எச்டிஎஃப்சி வங்கி காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. அன்று பங்கு 1,680 ரூபாய் அருகே முடிந்திருந்தது. மறுநாள் 8 சதவீதத்துக்கு மேல் விழுந்து 1,540-க்குக் கீழே முடிந்தது. நாட்டிலேயே பெரிய தனியார் வங்கி ஒரே நாளில் 8 சதவீதம் மலிவு என்றால் இறக்கத்தில் வாங்கும் எந்த நிரலுக்கும் நாக்கில் நீர் ஊறும். அடுத்த நாளும் இறங்கியது. ஒரு வாரத்தில் 1,430 பக்கம் வந்துவிட்டது. முடிவுகளைப் பார்த்துப் பெரிய கைகள் தங்கள் கணக்கையே மாற்றிக்கொண்டு விற்ற இறக்கம் அது. அவ்வளவு பெரிய தொகை ஒரே நாளில் விற்றுத் தீராது. முடிவு வெளியான பிறகு விலை அதே திசையில் பல நாள் நகர்வது 1960-களிலிருந்தே ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிற பழக்கம்.

என் நிரலில் இதற்கு இரண்டு தடைகள் இருக்கின்றன. முதலாவது, நிறுவனம் முடிவு வெளியிடும் தேதிக்கு முந்தைய நாளும் அதற்குப் பிந்தைய மூன்று வர்த்தக நாட்களும் அந்தப் பங்கில் புது வாங்கல் கிடையாது. இயக்குநர் குழுக் கூட்டத் தேதிகளை நிறுவனங்கள் பங்குச் சந்தைக்கு முன்கூட்டியே அறிவிக்கின்றன. தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயின் தளத்தில் பட்டியல் கிடைக்கும். இரண்டாவது, ஏடிஆர் அளவுகோல். ஒரு பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடும் என்பதற்கு வெல்ஸ் வைல்டர் 1978-இல் கொடுத்த அளவு அது. ஆர்எஸ்ஐயும் அவர் கொடுத்ததுதான். 1,000 ரூபாய் பங்கின் 14 நாள் ஏடிஆர் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முதல் இரண்டு ஏடிஆர் வரை, அதாவது 20 முதல் 40 ரூபாய் இறங்கினால் வாங்கலாம். ஒரே நாளில் மூன்று ஏடிஆரைத் தாண்டி 60 ரூபாய்க்கு மேல் விழுந்தால் தொடக்கூடாது. அந்த அளவு விழுந்திருந்தால் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது. அது என்னவென்று நிரலுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை, ஒதுங்கினால் போதும்.

200 நாள் சராசரி விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். 2024 அக்டோபர் 25 அன்று இண்டஸ்இண்ட் வங்கி, முடிவுகளுக்குப் பிறகு ஒரே நாளில் சுமார் 19 சதவீதம் விழுந்தது. அதன்பின் நாலரை மாதம் 200 நாள் சராசரிக்கு வெகு கீழேயே கிடந்தது. அந்த நாலரை மாதமும் ஆர்எஸ்ஐ எத்தனையோ தடவை 10-க்குக் கீழே போய் 'வாங்கு' என்றது. சில தடவை இரண்டு சதவீதம் கிடைக்கவும் செய்தது. 2025 மார்ச் 10 அன்று தன் டெரிவேட்டிவ் கணக்குகளில் வேறுபாடுகள் இருப்பதாக வங்கியே அறிவித்தது. மறுநாள் பங்கு 27 சதவீதம் சரிந்தது. 900 ரூபாயில் முடிந்த பங்கு மறுநாள் 656-இல் முடிந்தது. இடையில் உங்கள் ஸ்டாப்லாஸ், அதாவது விலை எதிராகப் போனால் தானாக வெளியேறும் ஆர்டர், 880-இல் இருந்தாலும் 850-இல் இருந்தாலும் ஒன்றுதான். அந்த விலைகளில் வாங்க ஆள் இல்லை. இரவோடு இரவாக வரும் சரிவை எந்த ஸ்டாப்லாஸும் தடுக்காது. தடுப்பது இரண்டே விஷயம்: அந்தப் பங்கிலேயே இல்லாமலிருப்பது, அல்லது அதில் கொஞ்சமாகப் போட்டிருப்பது.

இனி, உச்சியில் வாங்கி மாட்டிக்கொள்வது. இறக்கத்தில் வாங்கும் நிரல் எப்படி ஏற்றத்தில் வாங்கும் என்று குழம்பியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நிரலிலேயே பதில் இருக்கிறது. பகல் நேரப் பகுதியில் 'அன்றைய அதிகபட்ச விலையிலிருந்து 1 சதவீதம் இறங்கினால் வாங்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஒரு நாளில் வைத்துப் பார்ப்போம். அதே 1,000 ரூபாய் பங்கு காலையிலிருந்து 998-க்கும் 1,003-க்கும் நடுவே அசையாமல் இருக்கிறது. 11:10-க்குத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு வரி ஓடுகிறது. ஒரே நிமிடத்தில் 1,038. அடுத்த நிமிடம் 1,027. உங்கள் நிரல் கணக்குப் போடுகிறது: உச்சம் 1,038, இப்போது 1,027, ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது, வாங்கு. பன்னிரண்டு மணிக்கு விலை 1,004. காலை முழுக்க ஆயிரத்தில் கிடைத்த பொருளை, மலிவு என்று சொல்லி 1,027-க்கு வாங்கியிருக்கிறது.

உச்சம் என்பது ஒரே ஒரு வர்த்தகத்தின் விலை. நூறு பங்கு கைமாறியிருந்தாலும் உச்சம்தான். ஆகவே இறக்கத்தை உச்சத்திலிருந்து அளக்கக்கூடாது. விலை நெடுநேரம் தங்கியிருந்த இடத்திலிருந்து அளக்கவேண்டும். கடைசி 30 ஒரு நிமிட கேண்டில்களின் முடிவு விலைகளை வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு ஸ்பைக் அதை இழுத்துவிடும். நடு மதிப்பு அசையாது. விலை அந்த நடு மதிப்புக்குக் கீழே அரை ஏடிஆர் அளவு வந்தால்தான் இறக்கம். மேற்சொன்ன உதாரணத்தில் நடு மதிப்பு 1,001 என்றே இருந்திருக்கும், 1,027-ஐ நிரல் திரும்பியே பார்த்திருக்காது. இதோடு இன்னொரு வரி: ஒரு நிமிட கேண்டிலின் நீளம் தினசரி ஏடிஆரில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தப் பங்கை அரை மணி நேரம் தொடாதே. மேலே போனாலும் சரி, கீழே போனாலும் சரி. காலை 9:15 முதல் 9:30 வரை எல்லாப் பங்குக்கும் இதே தடை.

உச்சியில் வாங்க இன்னொரு வழியும் இருக்கிறது. முந்தைய நாள் மாலைக் கணக்கில் ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்து, மறுநாள் 9:15-க்கு மார்க்கெட் ஆர்டர், அதாவது அப்போதைய விலை எதுவானாலும் வாங்கும் ஆர்டர், போடுகிறீர்கள். இரவு அமெரிக்கச் சந்தை ஏறியிருந்தால் அந்தப் பங்கு 2 சதவீதம் மேலே திறக்கும். நீங்கள் எதிர்பார்த்த எழுச்சி நீங்கள் வாங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. அதன் தலையில் போய் வாங்குகிறீர்கள். முந்தைய முடிவு விலைக்கு மேலே திறந்தால் ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள். அந்த வாய்ப்பு போனது போனதுதான்.

நிஜமாகவே தவறான விலைகளும் வரும். 2012 அக்டோபர் 5 காலை ஒரு தரகு நிறுவனத்திலிருந்து 650 கோடி ரூபாய்க்கான தவறான ஆர்டர்கள் வரிசையாகப் பாய, நிஃப்டி சில நொடிகளில் சுமார் 900 புள்ளி சரிந்து வர்த்தகமே கால் மணி நேரம் நின்றது. 2021 ஆகஸ்டில் நூறு ரூபாய்ச் சுற்றில் இருந்த ஒரு நிஃப்டி கால் ஆப்ஷன் (குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமை) கண நேரத்தில் 800 ரூபாயைத் தொட்டுத் திரும்பியது. அந்த ஆப்ஷனை விற்றுவிட்டு மார்க்கெட் விலையில் ஸ்டாப்லாஸ் வைத்திருந்தவர்கள் அந்த 800-இல் மாட்டினார்கள். அடுத்த மாதமே ஆப்ஷன்களில் எஸ்எல்-எம் எனப்படும் அந்த வகை ஸ்டாப்லாஸ் ஆர்டர் வசதியை என்எஸ்இ நிறுத்தியது. பங்குகளில் இந்த அளவுக்கு வருவது அரிது. ஆனால் பழக்கம் ஒன்றே: நிரல் போடும் எந்த ஆர்டரும் விலை வரம்பு இல்லாமல் போகக்கூடாது. விற்கும்போதும்கூட.

தரவுக்கு வருகிறேன். உங்கள் 30 சதவீதத்தில் பெரும்பகுதி இங்கேதான் உருவாகியிருக்கிறது என்பது என் கணிப்பு.

நீங்கள் முடிவு விலையில் வாங்கியதாக பேக்டெஸ்ட் கணக்குப் போடுகிறது. அந்தப் பழைய தரவில் என்எஸ்இயின் முடிவு விலை என்பது கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை கிடையாது. மூன்று மணி முதல் மூன்றரை வரை நடந்த வர்த்தகங்களின், அளவைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி அது. ஒரு பழைய நாளின் பாவ்காப்பி கோப்பை, அதாவது சந்தை வெளியிடும் அன்றைய விலைப் பட்டியலை, திறந்து பாருங்கள். முடிவு விலைக்கு ஒரு நெடுவரிசை, கடைசி விலைக்குத் தனியாக ஒரு நெடுவரிசை இருக்கும். கடைசி அரை மணி நேரத்தில் சரிந்த பங்கில் இரண்டுக்கும் அரை சதவீதம்கூட வித்தியாசம் வரும். நீங்கள் தேடுவதே அப்படிச் சரியும் பங்குகளைத்தான். அதுமட்டுமில்லை, முடிவு விலை தெரிந்த பிறகுதான் ஆர்எஸ்ஐ தெரியும். ஆர்எஸ்ஐ தெரிந்த நேரத்தில் சந்தை மூடியாகிவிட்டது. 3:20 மணி விலையை வைத்து ஆர்எஸ்ஐ கணக்கிட்டு, 3:25 மணி விலையில் வாங்கியதாக பேக்டெஸ்ட்டை மாற்றி ஓட்டுங்கள்.

அடுத்தது போனஸ், பங்குப் பிரிப்பு, நிறுவனப் பிரிப்பு. 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் பங்கு ஒன்றுக்கு ஒன்று போனஸுக்குப் பிந்தைய விலையில் வர்த்தகமானது. 2,650 ரூபாய்ச் சுற்றில் இருந்தது 1,330 சுற்றில் நின்றது. யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனால் சரிக்கட்டாத தரவைப் பார்க்கும் நிரலுக்கு அது ஒரே நாளில் 50 சதவீதச் சரிவு. 2025 அக்டோபர் 14 அன்று டாடா மோட்டார்ஸின் வணிக வாகனப் பிரிவு தனியானபோது 660 ரூபாய்ப் பங்கு 400-இல் திறந்தது. இதற்குப் பல தரவு விற்பனையாளர்களே உடனே சரிக்கட்டுவதில்லை. மேலே சொன்ன மூன்று ஏடிஆர் தடை இங்கேயும் காப்பாற்றும் என்பது கூடுதல் நன்மை.

பிறகு, இன்றைய நிஃப்டி 50 பட்டியலை வைத்துக்கொண்டு பத்து வருடம் பின்னோக்கி ஓட்டியிருக்கிறீர்கள். இன்று பட்டியலில் இருப்பவை பிழைத்து வளர்ந்தவை. அவற்றில் எந்த இறக்கத்தில் வாங்கியிருந்தாலும் பிறகு ஏறியிருக்கும். அதனால்தானே இன்னும் பட்டியலில் இருக்கின்றன. யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், ஜெயப்பிரகாஷ் அசோசியேட்ஸ் எல்லாம் ஒரு காலத்தில் நிஃப்டி 50-இல் இருந்தவை. யெஸ் வங்கி 2020 மார்ச்சில்தான் வெளியேறியது. அந்தந்த மாதம் பட்டியலில் எவை இருந்தனவோ அவற்றை வைத்துத்தான் அந்தந்த மாதத்தைச் சோதிக்கவேண்டும். நிஃப்டி பட்டியல் மாற்ற அறிவிப்புகளைத் தேடி எடுத்து நீங்களே அட்டவணை தயாரிக்கலாம். இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து செய்யும் வேலை. அலுப்பாக இருக்கும், செய்யுங்கள்.

இப்போது, எல்லாவற்றிலும் நுட்பமானதும் நான் கற்றுக்கொள்ள அதிகக் காலம் பிடித்ததுமான விஷயம். 'மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், லிமிட் போடுங்கள்' என்றேன். விலை வரம்பு வைத்த இந்த லிமிட் ஆர்டர் தன் பங்குக்கு ஒரு கூலி கேட்கும். 990-இல் வாங்க லிமிட் போட்டு வைக்கிறீர்கள். பங்கு 991 வரை வந்து திரும்பிப் போனால் உங்களுக்குக் கிடைக்காது. அதுதான் நல்ல வர்த்தகம். பங்கு 990-ஐ உடைத்துக்கொண்டு 975-க்குப் போனால் உங்கள் ஆர்டர் முழுதாகக் கிடைக்கும். அது கெட்ட வர்த்தகம். அதாவது, உங்களிடம் வந்து சேருவதில் கெட்டவை எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். பேக்டெஸ்ட்டோ அன்றைய குறைந்தபட்ச விலை 990-ஐத் தொட்டாலே கிடைத்துவிட்டதாக எழுதிக்கொள்கிறது. நிஜத்தில் 990-இல் உங்களுக்கு முன்னால் பல ஆயிரம் பங்குகளுக்கான வரிசை நிற்கும். ஒரு சின்னத் திருத்தம் போதும்: விலை உங்கள் லிமிட்டுக்குக் கீழே குறைந்தது 0.1 சதவீதம் போயிருந்தால்தான் கிடைத்ததாகக் கணக்கிடு. என் முதல் நிரலில் இந்த ஒரு வரியைச் சேர்த்தபோது ஆண்டு லாபம் பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதிதான் உண்மை.

செலவையும் எழுதிப் பார்ப்போம். ஒரு வர்த்தகத்துக்குச் சராசரி லாபம் 0.6 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 50,000 ரூபாய்க்கு வாங்கி விற்றால் 300 ரூபாய். டெலிவரியில், அதாவது அன்றே விற்காமல் வைத்திருக்கும் வர்த்தகத்தில், வாங்கும்போது 0.1, விற்கும்போது 0.1 சதவீதம் எஸ்டிடி எனப்படும் பரிவர்த்தனை வரி, ஆக 100 ரூபாய். முத்திரைக் கட்டணம் 7.50. சந்தைக் கட்டணமும் அதன் ஜிஎஸ்டியும் நாலு ரூபாய். விற்கும் நாளில் டிமேட் கட்டணம் பதினைந்து ரூபாய் சொச்சம். புரோக்கர் டெலிவரிக்குக் கமிஷனே வாங்காதவர் என்றாலும் 127 ரூபாய் போய்விட்டது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி, ஆர்டர் போய்ச் சேர்வதற்குள் விலை நழுவும் ஸ்லிப்பேஜ், இரண்டு பக்கமும் சேர்த்து 0.1 சதவீதம் என்று தாராளமாகக் குறைத்தே போட்டாலும் இன்னொரு 50. மிச்சம் 123. அதில் குறுகிய கால மூலதன ஆதாய வரி, 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம், மேலே செஸ். கையில் நிற்பது நூறு ரூபாய்க்குள். 300 நூறாகும் இந்தக் கணக்கை நிரலுக்குள் எழுதாத எந்த பேக்டெஸ்ட்டையும் பார்க்கவே வேண்டாம்.

அன்றன்றைக்கே முடித்தால் எஸ்டிடி விற்கும் பக்கம் 0.025 மட்டும்தானே என்பீர்கள். உண்மை, செலவு பாதியாகும். ஆனால் நீங்கள் கூலி வாங்குவது இரவைக் கடந்து பங்கை வைத்திருப்பதற்காக. எழுச்சியின் பெரும்பகுதி மறுநாள் திறப்பில் வருகிறது. 2022-23-இல் பங்குகளில் அன்றாட வர்த்தகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் 2021-22 முதல் மூன்று ஆண்டுகளில் 93 சதவீதம் பேர். இதே விதியை ஆப்ஷனில் வைத்து ஓட்டலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அதைப் பற்றி வேறெதுவும் சொல்வதற்கில்லை.

தொகைக்கு வருவோம். எல்லாத் தடைகளும் இருந்தும் முதல் அடி விழத்தான் செய்யும். 2020 பிப்ரவரி 20 அன்று நிஃப்டி 12,080. நான்கு நாள் கழித்து, 24-ஆம் தேதி, 11,829. 200 நாள் சராசரிக்கு மேலேதான் இருந்தது. இறக்கமும் நிதானமான இறக்கம்தான். பெரும்பாலான நிரல்கள் 24, 25 தேதிகளில் வாங்கியிருக்கும், என்னுடையதும் வாங்கியது. 28-ஆம் தேதி 11,201. அதற்குள் 200 நாள் சராசரி உடைந்திருந்தது. அதற்குமேல் புது வாங்கல் நின்றது. ஆனால் ஏற்கெனவே வாங்கியவை? 5 நாள் சராசரிக்கு மேலே முடிந்தால் விற்பேன் என்று உட்கார்ந்திருந்தால், அப்படி முடியாத பங்குகளோடு இன்னும் கீழே போயிருக்கவேண்டும்; மார்ச் 23-இல் நிஃப்டி 7,610. காப்பாற்றியது நாள் கணக்கு: வாங்கி ஐந்து வர்த்தக நாளில் எழவில்லை என்றால் லாபமோ நஷ்டமோ விற்றுவிடு. ஐந்தாறு சதவீத நஷ்டத்தில் வெளியே வந்தேன். உங்கள் விதியில் இந்த நாள் கணக்கு இல்லை. இன்றே சேருங்கள். இறக்கத்தில் வாங்கும் உத்தியில் 1 சதவீத ஸ்டாப்லாஸ் வைத்தால் எழுவதற்கு முன்பே பெரும்பாலானவற்றில் வெட்டிவிடும். நாள் கணக்கு அப்படிச் செய்யாது.

ஒரு பங்கில் மொத்தப் பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். இண்டஸ்இண்ட் மாதிரி 27 சதவீதம் விழுந்தாலும் மொத்தத்தில் 2.7 போகும், தாங்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண நாளில் ஐம்பதில் இரண்டு மூன்று பங்கு 'வாங்கு' என்று சொல்லும். ஒரே நாளில் இருபது பங்கு சொன்னால், இருபது வாய்ப்பு வந்திருப்பதாக நினைக்கவேண்டாம். சந்தையே விழுகிறது, எதை வாங்கினாலும் ஒரே பந்தயம்தான். அன்று நான் நான்கு பங்கு மட்டும் எடுப்பேன், வெவ்வேறு துறைகளில்.

இந்தத் தடைகளுக்கு விலை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 23,264-இல் முடிந்தது. மறுநாள் தேர்தல் முடிவு. நடுவில் 21,281 வரை போய் 21,884-இல் முடிந்தது. ஏறக்குறைய 6 சதவீத இறக்கம். ஜூன் 7 அன்று மீண்டும் 23,290. ஜூன் 4 மாலையில் நிஃப்டியையே வாங்கியிருந்தால் மூன்று நாளில் அந்த ஆண்டின் மிகச் சிறந்த வர்த்தகங்களில் ஒன்றாக இருந்திருக்கும். தேர்தல் முடிவு நாளில் என் நிரல் வாங்காது என்று எழுதி வைத்திருந்தேன்; வாங்கவில்லை. பீதி உச்சத்தில் இருக்கும்போதுதான் எதிர்ப்பக்கம் நிற்பதற்கான கூலியும் உச்சத்தில் இருக்கும் என்று நிதியியல் ஆய்வாளர் ஸ்டெஃபான் நாகெல் 2012-இல் அமெரிக்கத் தரவில் காட்டியிருக்கிறார். அந்தக் கூலியை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே விட்டுக்கொடுக்கிறோம். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு 8 சதவீதம் கீழே இருந்தபோது அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 2020 மார்ச்சில் அதே மாதிரி வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும். விதியை நான் எடுக்கவில்லை.

கடைசியாக இயந்திரப் பக்கம். ஒரு மாலை 3:22-க்கு என் நிரல் வாங்கும் ஆர்டரை அனுப்பியது. புரோக்கர் தரப்பிலிருந்து பத்து நொடி பதில் இல்லை. நேரம் கடந்துவிட்டது என்று பிழைச் செய்தி வந்தது. நான் எழுதியிருந்தபடி நிரல் மறுபடி அனுப்பியது. முதல் ஆர்டர் உண்மையில் போய்ச் சேர்ந்திருந்தது, பதில்தான் வரவில்லை. இரண்டு மடங்கு பங்கு கையில், மூடுவதற்கு ஏழு நிமிடம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் பங்கின் பெயர், தேதி, வரிசை எண் சேர்த்த ஒரு அடையாளம் வைத்து அனுப்புகிறேன். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும் முன் ஆர்டர் புத்தகத்தை எடுத்து அந்த அடையாளம் இருக்கிறதா என்று நிரல் தேடும். இருந்தால் அனுப்பாது. ஆர்டர் புத்தகமே கிடைக்கவில்லை என்றால் எனக்குச் செய்தி அனுப்பிவிட்டு நின்றுவிடும். உங்கள் நிரலில் மூன்று முறை மறுமுயற்சி என்று ஒரு சுற்று இருக்கிறது. அதை முதலில் எடுங்கள்.

சட்டப்படி நீங்களே எழுதி உங்களுக்காகவே ஓட்டும் நிரலுக்குத் தடையில்லை. 2025 பிப்ரவரி 4 அன்று செபி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி ஏபிஐ வழி, அதாவது நிரலிலிருந்து நேராகப் புரோக்கருக்குப் போகும், ஆர்டர்களுக்கு மாறாத ஐபி முகவரி வேண்டும்; பங்குச் சந்தைகள் வைத்த நொடிக்குப் பத்து ஆர்டர் என்ற வரம்புக்குள் இருந்தால் நிரலைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டாம். நாளுக்கு ஐந்தாறு ஆர்டர் போடும் உங்களுக்கு அது போதும். யாராவது 'மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம்' என்று அல்கோ, அதாவது தயார் வர்த்தக நிரல், விற்க வந்தால், அல்கோக்களின் கடந்த கால, எதிர்கால லாபத்தைச் சொல்லி விளம்பரம் செய்யக்கூடாதென்று 2022 செப்டம்பரிலேயே புரோக்கர்களுக்கு செபி உத்தரவிட்டிருப்பதை நினைவில் வையுங்கள்.

இப்போதைக்கு நிரலை நிறுத்திவிட்டு இந்த மூன்று மாத வர்த்தகங்களை ஒரு எக்செல் தாளில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நெடுவரிசை: வாங்கிய நாளில் இறக்கம் எத்தனை ஏடிஆர், காலாண்டு முடிவு வெளியான தேதிக்கு எத்தனை நாள் தள்ளி, வாங்கிய விலை 30 நிமிட நடு மதிப்புக்கு மேலேயா கீழேயா, பேக்டெஸ்ட் எந்த விலையில் வாங்கியிருக்கும், மொத்தச் செலவு. நான்காவது நெடுவரிசையை முதலில் நிரப்புங்கள். பேக்டெஸ்ட் விலைக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி, உங்கள் மூன்று மாத நஷ்டத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களையும் எனக்கு அனுப்புங்கள், அதிலிருந்து மேலே பார்ப்போம்.